கக்கூஸ் திருத்த எத்தனை பேர் வேணும்? கட்டுமுன் ஒரு கணக்கு



போன மாதம் பின்னேரம் ஆபிஸை மூடப் போகிற நேரத்தில் ஒரு அக்கா வந்தார். மலையிலிருந்து நேராக வந்தபடியால் படங்குகூட இடுப்பிலேயே இருந்தது. "ஐயா, சீட்டு விழுந்துருச்சிங்க. பின்னால இருக்கிற கக்கூஸ உடைச்சிட்டு, குளிக்கிறதுக்கும் சேர்த்து ஒரு ரூம் கட்டலாம்னு இருக்கோம். எவ்வளவுங்கய்யா வரும்?" என்று கேட்டார்.

எனக்கு சந்தோஷமாக இருந்தது. காரணம், அவர் உடைப்பதற்கு முன்னால் கேட்டார். நம்மில் பலர் பாதி சுவரை இடித்துவிட்டு, சீமெந்து முடிந்து, மேசன் பாஸ் வேறு வேலைக்குப் போன பிறகுதான் கொப்பியையும் பேனாவையும் தேடுகிறோம். அந்த அக்காவோடு உட்கார்ந்து போட்ட கணக்கை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஏன் இதற்குச் செலவு?

"டீவி வாங்கினா நாலு பேர் பாப்பாங்க, கக்கூஸுக்குள்ள யாருங்க வந்து பாக்கப் போறா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் லயம் கட்டும்போது ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்றும் முன்னால் ஒரு இஸ்தோப்பும் கொடுத்தார்கள். கக்கூஸ் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. சனங்கள் தேயிலைக்குள்ளும் ஆற்றோரமும் போனார்கள். 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்து வைத்தியர்கள் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொக்கிப்புழுவுக்கு எதிராக வேலை தொடங்கினார்கள். சோதித்துப் பார்த்தால் அநேகமாக எல்லோர் வயிற்றிலும் புழு. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினாலும் சில மாதத்தில் திரும்பி வந்தது. கக்கூஸ் இல்லாத இடத்தில் மருந்தால் மட்டும் பலனில்லை என்பது அப்போதே தெளிவானது.

கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு ஈரமண்ணில் விழுகிறது. அங்கே பொரித்த குஞ்சுப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கிறது. கொழுந்தெடுக்கிற தாய்க்குச் சோகை வருவதற்கும், பிள்ளை பாடத்தில் தூங்கி விழுவதற்கும் இதுவும் ஒரு காரணம். வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் கூட அசுத்தமான தண்ணீராலும் கையாலும் பரவுகிற நோய்கள்தான். ஒரு நாள் படுத்தால் ஒரு பேர் போய்விடும். அந்த நட்டத்தை யாரும் கொப்பியில் எழுதுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயதுக்கு வந்த பிள்ளை இருக்கிற வீட்டில், கதவில்லாத கக்கூஸுக்கு இருட்டில் போகப் பயந்து, மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பிள்ளைகள் உண்டு. நான் லயத்தில் வளர்ந்தவன். என் தங்கை அப்படித்தான் இருந்தாள். அப்போது எங்களுக்கு அது தெரியவில்லை.

முதல் வேலை: அனுமதிக் கடிதம்

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் வீடமைப்பு, சுகாதார வேலைகளுக்காக ட்ரஸ்டும் உருவானது. அதன் பிறகு எத்தனையோ லயங்களில் தனித்தனிக் கக்கூஸ் கட்டப்பட்டது. ஆனாலும் லயமும் அது நிற்கிற மண்ணும் அநேகமாக இன்னும் நம் பெயரில் இல்லை. அதனால் ஒரு கல்லைப் பெயர்க்கும் முன்பும் மெனேஜர் துரைக்கு ஒரு கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் நான் எழுதித் தருகிறேன்.

கடிதம் கொடுக்கும்போதே இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, உங்கள் லயத்துக்குப் புதிய வீட்டுத் திட்டம் ஏதும் வரப்போகிறதா? ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைக்கப் போகிறவர் லயத்துக் கக்கூஸுக்கு லட்சக்கணக்கில் கொட்டுவது புத்தியல்ல. உடைந்ததை மட்டும் திருத்தினால் போதும். இரண்டு, தோட்டமோ ட்ரஸ்டோ வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கமோ ஏதாவது சாமான் கொடுக்குமா? பேசினோ பைப்போ கிடைத்தாலும் அது உங்களுக்கு மிச்சம்தான்.

நமக்குச் சொந்தமில்லாத இடத்தில் செலவழிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கதவு, தண்ணீர் டேங்க், பைப் டெப், கூரைத் தகரம் இவற்றை நாளைக்குக் கழற்றிக்கொண்டு போகலாம். சுவரில் ஒட்டின டைல்ஸைக் கொண்டு போக முடியாது.

அளந்து எழுதுவது

அந்த அக்காவின் வீட்டுக்கு டேப்போடு போனேன். பழைய கக்கூஸ் நாலடிக்கு ஐந்தடி. சுவர் நல்லது. பேசின் வெடித்திருந்தது, கதவு இல்லை, தரையில் தண்ணீர் தேங்கியது. குழி நல்ல நிலையில் இருந்தது. பக்கத்தில் ஐந்தடிக்கு ஐந்தடியில் குளிக்கிற இடம் ஒன்று சேர்க்க ஆசைப்பட்டார்கள். ஒரு பக்கச் சுவர் ஏற்கெனவே இருப்பதால் புதிதாகக் கட்ட வேண்டியது மூன்று பக்கம்தான். கதவுக்கு இரண்டரை அடி விட்டால் சுவரின் நீளம் 12.5 அடி, உயரம் 7 அடி. அதாவது 87.5 சதுர அடி.

பதினாறுக்கு எட்டு அங்குல புளொக் கல் ஒன்று, ஒரு சதுர அடிக்குச் சற்றுக் குறைவான இடத்தை மூடும். உடைவதையும் சேர்த்து 110 கல் போதும். "இருநூறு கல்லு போடுங்க" என்று கடைக்காரர் சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மொத்த மதிப்பீடு கீழே இருக்கிறது. விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். 2022 நெருக்கடியில் ஒரு மூட்டை சீமெந்து 3,000 ரூபாவையும் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே இங்கே உள்ள விலைகள் கணக்குப் பழகுவதற்கான உதாரணம் மட்டுமே. அளவுகளை வைத்துக்கொண்டு, விலையை நீங்கள் மூன்று கடையில் கேட்டு நிரப்புங்கள்.

சீமெந்து 10 மூட்டை – 20,000
புளொக் கல் 110 – 8,800
மணல், ஒரு கியூபில் மூன்றில் ஒன்று – 8,000
முக்கால் அங்குலக் கல் 10 கன அடி – 2,000
எட்டடித் தகரம் 6 – 18,000
கூரை மரம் – 5,000
பேசினும் வளைவும் – 6,000
பைப், எல்போ, டெப், பசை – 9,000
பிளாஸ்டிக் கதவு 2 – 18,000
லொறிக் கூலி – 6,000
மேசன் பாஸ் 6 நாள் – 21,000
ஆணி, கம்பி, சில்லறை – 2,200
கூட்டுத்தொகை – 124,000 ரூபா

இதோடு பத்தில் ஒரு பங்கு, அதாவது 12,400 ரூபா, எதிர்பாராத செலவுக்குச் சேர்க்க வேண்டும். தோண்டும்போது பாறை வரும், மழையில் மணல் கரையும். அந்தப் பங்கு இல்லாத மதிப்பீடு பாதியில் நிற்கும். ஆக மொத்தம் 136,400 ரூபா. அத்திவாரத்துக்கான கருங்கல்லை வீட்டாரே மலையில் பொறுக்குவதாகவும், கையாள் வேலையை அவர்களே செய்வதாகவும் வைத்துத்தான் இந்தக் கணக்கு.

இந்தத் தொகையை நம் பாஷையில் சொல்லிப் பார்ப்போம். 2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதால் வகுத்தால் 101 பேர் வருகிறது. நூற்றியொரு நாள் கூடையைத் தலையில் மாட்டி மலை ஏற வேண்டும். அதில் அரிசிக்கும் மாவுக்கும் ஒரு சதம் எடுக்கக் கூடாது. இதைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. சம்பளம் மாறும்போது, உங்கள் கைக்கு வருகிற தொகையால் நீங்களே வகுத்துப் பாருங்கள். ரூபாவாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாத செலவும் பேராகப் பார்த்தால் உறைக்கும்.

எதைக் குறைக்கலாம்?

"சரிங்கய்யா, அப்ப வேணாம்" என்று எழுந்தார். "உட்காருங்க அக்கா, இனிமேதான் கணக்கே இருக்கு" என்றேன்.

பழைய தகரத்தில் மூன்று நல்லதாக இருந்தது: 9,000 மிச்சம். குளிக்கிற இடத்துக்கு இப்போதைக்குப் பழைய தகரக் கதவு போதும்: இன்னும் 9,000. அதே லயத்தில் வேறு இரண்டு வீட்டாரும் சாமான் எடுக்க இருந்தார்கள். மூன்று வீடும் சேர்ந்து ஹட்டனிலிருந்து ஒரே லொறியில் கொண்டுவந்தால் கூலி 6,000க்குப் பதில் 2,000: மிச்சம் 4,000. மரத்துக்குத் தோட்டத்தில் அனுமதி கேட்டதில் 3,000 குறைந்தது. எல்லாம் சேர்த்து 25,000. மிஞ்சியது 99,000, பத்தில் ஒரு பங்கையும் கூட்டினால் 108,900 ரூபா. அதாவது 81 பேர். ஒரு பின்னேரப் பேச்சில் இருபது பேர் மிச்சம்.

ஆனால் குறைக்கக் கூடாதவையும் உண்டு. பேசினுக்குக் கீழே உள்ள வளைவு, பைப், குழி மூடி, தரைச் சாய்வு ஆகிய நாலிலும் கை வைக்காதீர்கள். வளைவில் நிற்கிற கொஞ்சத் தண்ணீர்தான் நாற்றத்தையும் ஈயையும் தடுக்கிற கதவு. பைப்புக்கும் தரைக்கும் அடிக்குக் கால் அங்குலம் சாய்வு வேண்டும். சாய்வு குறைந்தால் அடைக்கும்.

என் சொந்தத் தவறையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் என் குவாட்டர்ஸ் குளியலறையைத் திருத்தும்போது நீல நிற டைல்ஸில் ஆசைப்பட்டு முதலில் அதை வாங்கினேன். சுவர் பளபளவென்று வந்தது. குழி மூடிக்குக் காசு இல்லை. இரண்டு பலகையைப் போட்டு மூடி வைத்தேன். வைகாசி மழையில் பலகை ஊறி, பக்கத்து வீட்டுப் பையன் கால் வைக்க, முழங்கால்வரை உள்ளே போய்விட்டான். தூக்கி எடுத்துவிட்டோம், உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை. அதிலிருந்து யாருக்கும் நான் சொல்வது: முதலில் மண்ணுக்குக் கீழே உள்ள வேலை, பிறகு தரை, பிறகு சுவர், பிறகு கூரை. அழகு கடைசி.

இரண்டு வருஷமாகப் பிரிப்பது

81 பேரை ஒரே வருஷத்தில் எடுக்க முடியாதென்றால் பிரித்துக்கொள்ளுங்கள். அக்கா இப்படித்தான் முடிவு செய்தார்.

முதல் வருஷம் பழைய கக்கூஸ் மட்டும்: மூன்று மூட்டை சீமெந்து 6,000, மணல் 2,500, பேசின் 6,000, பைப் 5,000, கதவு 9,000, மேசன் இரண்டு நாள் 7,000, லொறிப் பங்கு 1,000, சில்லறை 1,000. கூட்டினால் 37,500, எதிர்பாராத செலவோடு 41,250. இது 31 பேர். நோயைத் தடுக்கிற வேலை முழுவதும் இதிலேயே முடிந்துவிடுகிறது. குளிக்கிற இடம், கூரை ஆகிய மீதி 50 பேர் அடுத்த வருஷம். பாதியில் நின்றாலும் கக்கூஸ் முழுதாக இருக்கும்.

எந்த மாதம்?

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை மழை. அந்த நேரம் குழி தோண்டினால் கரை இடியும், பூச்சு காயாது. கட்டுவதற்கு நல்ல காலம் தைப்பொங்கலிலிருந்து மார்ச் வரை. ஆனால் அந்த மாதங்களில்தான் வெயிலுக்குக் கொழுந்து குறையும், கையில் காசும் குறையும். கொழுந்து கூடுகிற ஏப்ரல், மே மாதங்களில் காசு வரும், அப்போது மழை தொடங்கிவிடும். அதனால் காசு வரும்போது சேர்த்து, வெயில் வரும்போது கட்ட வேண்டும். சீட்டுப் போடுகிறவர்கள் மார்கழி முறையைக் கேட்டு எடுங்கள்.

சாமானாகச் சேர்ப்பதும் நல்லது, கையில் காசு இருந்தால் கரைந்துவிடும். மணல், கல், பைப், பேசின் ஆகியவற்றை முன்னாலேயே வாங்கி வைக்கலாம். சீமெந்தை மட்டும் வேலை தொடங்குகிற வாரத்தில் வாங்குங்கள். நம் மலைப் பனிக்கும் ஈரத்துக்கும் அது மூட்டைக்குள்ளேயே கல்லாகிவிடும். வாங்கியதையும் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கி, பொலித்தீனால் மூடுங்கள்.

கடன் வாங்கலாமா?

வாசலுக்கு வந்து கடன் கொடுக்கிறவர்கள் "நூத்துக்கு ரெண்டு ரூபாதான் வட்டி" என்பார்கள். 60,000 ரூபாவை ஒரு வருஷத்துக்கு எடுத்தால், மாதம் 1,200 வீதம் 14,400 ரூபா வட்டி. இது ஏறத்தாழ 11 பேர். கட்டக் கட்ட முதல் குறைந்துகொண்டே போகிறது. ஆனால் வட்டியை மட்டும் கடைசி மாதம்வரை முழு 60,000க்கும் எடுக்கிறார்கள். அதனால் வருஷத்துக்கு 24 வீதம் என்று தெரிகிற வட்டி உண்மையில் 40 வீதத்தையும் தாண்டுகிறது. "முதல் குறையக் குறைய வட்டியும் குறையுமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் கையெழுத்து வைக்காதீர்கள். கக்கூஸ் ஒரு வருஷம் பொறுக்கும். வாராவாரம் வாசலில் நிற்கிற கடன்காரர் பொறுக்க மாட்டார்.

குழி எங்கே?

பழைய குழி நிறைந்துவிட்டால் புதிது வேண்டும். அதற்குத் தனியாக மதிப்பீடு போடுங்கள். குழி பீலிக்கும் ஊற்றுக்கும் 50 அடிக்குக் குறையாத தூரத்தில், அவற்றுக்குக் கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும். மேட்டு லயத்துக் குழி கீழ் லயத்துப் பீலிக்கு வந்துவிடக் கூடாது. இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டிக் கேளுங்கள்.

மண்மேட்டு விளிம்பிலும், வெடிப்பு விட்ட நிலத்திலும் குழி தோண்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதையும், 2025 நவம்பரில் டித்வா புயல் நம் மலைகளை அறுத்ததையும் பார்த்தவர்கள் நாம். குளிக்கிற தண்ணீரைக் குழிக்குள் விடாதீர்கள். குழியும் சீக்கிரம் நிறையும், மேட்டு மண்ணும் ஊறும். சிறிய பைப்பில் தனியாகக் கொண்டுபோய் ஒழுங்கான கானில் விடுங்கள்.

இடம் இருந்தால் இரட்டைக் குழி மிக நல்லது. இந்தியாவில் 1970இல் பிந்தேஷ்வர் பதக் தொடங்கிய சுலப் இயக்கம் இதைப் பரப்பியது. இரண்டு சிறு குழி, நடுவில் ஒரு பிரிவு. ஒன்று நிறைந்ததும் அதை அடைத்து மற்றதுக்குத் திருப்பிவிடுவார்கள். நிறைந்த குழியை இரண்டு வருஷம் அப்படியே விட்டால் மண்ணாக மாறிவிடும். பிறகு தோண்டி மரத்துக்குப் போடலாம். இந்தக் கக்கூஸுக்கு ஒரு தடவைக்கு இரண்டு மூன்று லீற்றர் தண்ணீர் போதும். வெயில் காலத்தில் பீலி மெலிகிற லயங்களுக்கு இது பெரிய உதவி.

மேசன் பாஸோடு பேசும்போது

நாட்கூலியா, மொத்தமா என்று முதலிலேயே பேசி, கொப்பியில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். காசை மூன்றாகப் பிரியுங்கள்: தொடங்கும்போது ஒன்று, சுவர் முடிந்ததும் ஒன்று, தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு கடைசி. பைப்பை மண்ணால் மூடுவதற்கு முன் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு மூட்டையும் கையால் தடவிப் பாருங்கள். தரை போட்ட பிறகு ஏழு நாள் சாக்குப் போட்டு ஈரமாக வையுங்கள். அதற்குக் காசு செலவில்லை. வீட்டில் வயதானவர் இருந்தால், உட்கார்ந்து எழும்பப் பிடிக்க இரண்டடி இரும்புக் குழாயைச் சுவரில் பதிக்கச் சொல்லுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரைத் தூக்க அதுதான் வழி.

கடைசியாக ஒன்று

கொப்பியை ஆண்கள் மட்டும் வைத்திருக்க வேண்டாம். இந்த இடத்தை அதிகம் பாவிப்பதும் கழுவுவதும் பெண்கள்தான். கதவு எந்தப் பக்கம், கொக்கி எந்த உயரம், விளக்கு எங்கே என்று வீட்டுப் பெண்பிள்ளையைக் கேளுங்கள்.

அந்த அக்காவின் முதல் வருஷ வேலை மாசி மாதம் முடிந்தது. 41,250 போட்டதில் 39,800 ரூபா செலவாகியிருந்தது. மிஞ்சியதற்கு வாசலில் ஒரு பல்பு போட்டார்கள், அதுவும் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு. "இப்ப பிள்ள என்னைய எழுப்புறதே இல்லீங்கய்யா, அதுவே போயிட்டு வந்துருது" என்றார்.

உங்கள் அளவையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, பெரட்டு முடிந்த பிறகோ பின்னேரமோ ஆபிஸுக்கு வாருங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம். உடைப்பதற்கு முன்னால் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்